பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்கு எந்த மாதத்தில் செல்வது? பருவம் பார்த்துத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் ஸ்கீ எனும் சறுக்குப்பலகைகளை மாட்டிய கால்களைத் தொங்கவிட்டபடி பயணிகள் மலையேறும் அதே நாற்காலி லிஃப்டில், ஜூலையில் சைக்கிள்கள் கொக்கியில் தொங்கியபடி மேலே போகின்றன. இடைப்பட்ட மே மாதத்தில் அந்த நாற்காலிகள் பல இடங்களில் அசையாமல் நிற்க, அடிவாரத்து விடுதிகளில் பாதிக்குப் பூட்டு தொங்குகிறது. வரைபடத்தில் ஊர் ஒன்றுதான் என்றாலும், அங்கே போய் இறங்குபவருக்குக் கிடைக்கும் அனுபவம் மாதத்துக்கு மாதம் வேறாக இருக்கிறது. பெரும்பாலோர் முதலில் புகழ்பெற்ற ஒரு ரிசார்ட்டின் பெயரைத் தேர்ந்துகொண்டு, பிறகு விடுமுறை கிடைக்கும் வாரத்தை அதனோடு ஒட்டவைக்கிறார்கள். பயண ஏமாற்றங்களில் பெரும்பகுதி இந்த வரிசை மாறாட்டத்திலிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து. வாரத்தை முதலில் முடிவுசெய்து, அந்த வாரத்தில் எந்த மலை நன்றாக இருக்கும் என்று தேடுவதே இவ்வழிகாட்டி முன்வைக்கும் முறை.

படி 1: எதற்காகச் செல்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கோண்டோலாவில் (கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும் மூடிய பெட்டியில்) ஏறிச் சிகரங்களைக் காண வேண்டும் என்பவருக்கும், சறுக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கும், ஏற்கெனவே சறுக்கத் தெரிந்து ஆழமான புதுப்பனியைத் தேடுபவருக்கும் ஏற்ற மாதங்கள் ஒன்றல்ல. குடும்பத்தில் ஒருவர் மட்டுமே சறுக்கி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதாக இருந்தால், கடுங்குளிர் மாதங்களில் அந்த மற்றவர்களின் நாள் மிக நீளமாகத் தோன்றும். யாருடைய விருப்பத்துக்கு முன்னுரிமை என்பதைப் பேசி முடித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 2: அரைக்கோளத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள்

வட அரைக்கோளத்தில் சறுக்குப் பருவம் பொதுவாக நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ தொடங்கி ஏப்ரல் வரை நீள்கிறது. தென் அரைக்கோளத்தில் இது தலைகீழாகி, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகளின் மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் தொடக்கம் வரை அமைகிறது. வட நாடுகளின் போட்டி அணிகள் ஆகஸ்டில் நியூசிலாந்துக்கும் சிலிக்கும் பயிற்சிக்குச் செல்வது இதனால்தான். ஆகவே உங்களுக்கு விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே கிடைக்கும் என்றாலும் உண்மையான குளிர்காலச் சறுக்கு எட்டாக்கனி அன்று. ஆனால் நியூசிலாந்தில் பெரும்பாலான சறுக்குத் தளங்களில் மலைமீது தங்குமிடம் கிடையாது. குவீன்ஸ்டவுன், வானகா போன்ற ஊர்களில் தங்கி, காலையில் மலைச்சாலை ஏறி, மாலையில் இறங்கிவர வேண்டும். ஆல்ப்ஸில் விடுதி வாசலிலிருந்தே சறுக்கிப் பழகியவருக்கு இது வேறு வகையான நாளாக இருக்கும்.

அடுத்தது உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் ஊர் ஏறத்தாழ 760 மீட்டரில் இருக்கிறது. பிரான்சின் வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஜனவரியின் நடுவில் இரண்டிலும் பனி இருக்கலாம், ஆனால் ஏப்ரல் நடுவில் முன்னதன் தெருக்களில் புல் துளிர்த்திருக்க, பின்னதில் விடுதி வாசல்வரை சறுக்கி வர முடியும். பருவத்தின் தொடக்கத்தையோ முடிவையோ தேர்ந்தெடுப்பவர் உயரமான இடத்தைத் தேட வேண்டும் என்ற பொது விதி இங்கிருந்து கிடைக்கிறது.

இந்த விதிக்குப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவின் சிகரமே 1,308 மீட்டர்தான். சைபீரியாவிலிருந்து வீசும் உலர்ந்த கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அந்த மலைகளில் மோதுவதால், டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை அங்கே ஏறக்குறைய இடைவிடாமல் பனி கொட்டுகிறது. ஆகவே உயரத்தோடு, அந்த மலைக்குப் பனியைக் கொண்டுவருவது எந்தக் காற்று என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உயரத்துக்கு உடல் தரும் விலையும் இருக்கிறது. 2,500 மீட்டருக்கு மேல் தூங்குபவர்களில் பலருக்கு முதல் இரண்டு நாட்கள் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். அமெரிக்காவின் பிரெக்கன்ரிட்ஜ் ஊரே 2,900 மீட்டருக்கு மேல் அமைந்திருக்கிறது. அத்தகைய ஊருக்குச் செல்வோர் வழியில் ஓரிரவு தாழ்வான இடத்தில் தங்கி, முதல் நாளை மெதுவாகக் கழிப்பது நலம்.

படி 3: நவம்பர் இறுதி முதல் டிசம்பர் நடு வரை: யந்திரப் பனியின் காலம்

பருவம் தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு வந்தாலும், மலை முழுவதும் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஐம்பது பாதைகள் உள்ள ரிசார்ட்டில் நான்கைந்து மட்டுமே திறந்திருக்கக்கூடும். அவற்றில் கிடப்பதும் பெரும்பாலும் பனிபொழியும் இயந்திரங்கள் இரவில் தூவியதாக இருக்கும். இந்த இயந்திரங்கள் நீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சி, தரையில் விழுமுன் உறையச் செய்கின்றன. வெப்பமானியின் அளவு மட்டும் இதற்குப் போதாது. காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்த ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். காற்று மிகவும் உலர்ந்திருந்தால் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயும் பனி உருவாகும்; மூடுபனி சூழ்ந்த இரவில் மைனஸ் 1 டிகிரியிலும் உருவாகாது. எனவே ஈரமான, மிதமான நவம்பர் வாய்த்த ஆண்டில் விலையுயர்ந்த இயந்திரங்களும் கைகட்டி நிற்கும்.

யந்திரப் பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, கெட்டியானது. கீழே விழுந்தால் வலிக்கும், ஆனால் எளிதில் கரையாது. பாதையின் ஓரத்துக்கு அப்பால் மெல்லிய இயற்கைப் பனியின் அடியில் பாறைகளும் மரக்கட்டைகளும் மறைந்திருக்கும் என்பதால், இந்த வாரங்களில் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகுவது அறிவுடைமையாகாது. வாடகைக்கு ஸ்கீ எடுப்பவர்கள் அடிப்பாகம் கீறப்படாமல் திருப்பிக் கொடுப்பதற்கும் இதுவே வழி.

இத்தனை குறைகளுக்கு ஈடாக இந்த வாரங்கள் தருவது அமைதி. விடுதிகளில் இடம் இருக்கும், லிஃப்டில் வரிசை இருக்காது, பயிற்றுநர்களுக்கு நேரம் இருக்கும். ஓரிரு எளிய பாதைகளே போதுமென்ற தொடக்கநிலையினருக்கு, உயரமான ரிசார்ட் ஒன்றில் டிசம்பரின் இரண்டாம் வாரம் எதிர்பாராத அளவு நிறைவாக அமையக்கூடும். அனுபவசாலிகள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

படி 4: கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை: கூட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்

விளக்கலங்காரமும் விழாக்கோலமும் வேண்டுமென்றால் இந்தப் பத்து நாட்களுக்கு மாற்று இல்லை. சறுக்குவதற்கு என்றால், ஆண்டின் மிக அதிகமான கட்டணத்தைக் கொடுத்து, மிகக் குறுகிய பகலை வாங்குகிறீர்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் பல இடங்களில் கடைசி லிஃப்ட் மாலை நான்கு மணிக்குள் நின்றுவிடும். பள்ளத்தாக்கில் நிழல் அதற்கும் முன்பே விழுந்துவிடும். பனியின் ஆழமும் இன்னும் உறுதியாகியிருக்காது. இந்த வாரத்தைத் தவிர வேறு விடுமுறையே இல்லாதவர்கள், லிஃப்ட் திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தையும், மற்றவர்கள் மதிய உணவுக்கு அமரும் நேரத்தையும் சறுக்குவதற்கென ஒதுக்கிக்கொண்டால் வரிசைகளில் நிற்கும் நேரம் பாதியாகும். பயிற்சி வகுப்புகளைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

படி 5: ஜனவரி: குளிரைத் தாங்குவோருக்கான மாதம்

புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரியின் இரண்டாம் வாரத்தில் மலை திடீரென்று மூச்சுவிடுகிறது. கட்டணங்கள் இறங்குகின்றன, வகுப்புகளில் ஆறேழு பேரே இருக்கிறார்கள், பனி உலர்ந்து மாவைப்போல் இருக்கிறது. சறுக்குவோர் பவுடர் என்று கொண்டாடும் புதுப்பனியைத் தேடுபவருக்கு ஜனவரியும் பிப்ரவரியின் முற்பகுதியுமே பொற்காலம். காஷ்மீரின் குல்மார்கிலும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே பனி உச்சத்தில் இருக்கும். ஏறத்தாழ 2,650 மீட்டரிலிருந்து 3,900 மீட்டருக்கு மேல்வரை ஏறும் அதன் கோண்டோலாவின் மேற்பகுதியில் உள்ள சரிவுகளுக்காகவே உலகெங்கிலுமிருந்து தேர்ந்த சறுக்குவோர் வருகின்றனர். ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகங்கள் ஏமாற்றினால் அங்கேயும் நிலைமை மாறும்: 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியில்லாமல் பழுப்பு நிறமாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி பொழிந்தது. மாதம் சரியாக இருந்தாலும் ஆண்டு துணைநிற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

குளிரின் தன்மையை முன்கூட்டியே புரிந்துகொள்ளுங்கள். மைனஸ் 15 டிகிரி வெயிலில் நடப்பது கடினமன்று; அதே வெப்பநிலையில் திறந்த நாற்காலி லிஃப்டில், காற்று முகத்தில் அறைய, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் மூடிய கோண்டோலா மிகுதியாக உள்ள ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது இந்த மாதத்தில் பெரிய நிம்மதியைத் தரும். பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சி உடலிலேயே வைத்துக்கொள்வதால், உள்ளாடை கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் இருக்கும் கையுறை, ஐந்து விரல் கையுறையைவிட வெதுவெதுப்பானது. கைப்பேசியின் மின்கலம் குளிரில் மளமளவென்று வடிந்துவிடும் என்பதால் அதை உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியின் இன்னொரு இயல்பு, மேகம் மூடிய நாட்களில் வெளிச்சம் தட்டையாகிவிடுவது. வானமும் தரையும் ஒரே வெண்மையாகத் தோன்ற, மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் புலப்படாது; நின்றுகொண்டிருக்கும்போதே நகர்வதாகத் தோன்றித் தலைசுற்றுவதும் உண்டு. அத்தகைய நாளில் மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு மேலுள்ள வெட்டவெளியை விட்டு, மரங்களுக்கிடையே செல்லும் பாதைகளுக்கு இறங்கிவிடுங்கள். மரங்களின் கருமை கண்ணுக்குப் பிடிமானம் தரும். மங்கலான ஒளிக்கேற்ற மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடியும் உதவும். பலத்த காற்றில் மேல் லிஃப்டுகள் நிறுத்தப்படுவதும், பெரும்பனியில் மலைச்சாலை மூடப்படுவதும் இம்மாதத்தில் வழக்கமானவை. விமானத்துக்கு முந்தைய இரவே சமவெளிக்கு இறங்கிவிடுவது நல்ல பழக்கம்.

புதுப்பனியோடு பனிச்சரிவு அபாயமும் வருகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்த அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கிறார்கள். 3 என்பது நடுவெண் என்பதால் பலர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். உயிரிழப்புகளில் கணிசமான பகுதி அந்த நிலையில்தான் நேர்கிறது. ஆபத்து மிகுந்த சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ளவை, அதாவது சறுக்குவதற்கு மிகவும் கவர்ச்சியாகத் தோன்றுபவையே. குறிக்கப்பட்ட, திறந்த பாதைகளுக்குள் நின்றால் ரிசார்ட்டின் காவலர்கள் உங்களுக்காக இந்த வேலையைச் செய்கிறார்கள். பாதையின் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் செல்ல விரும்பினால் வழிகாட்டி, பனிக்குள் புதைந்தவரைக் கண்டறியும் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி ஆகிய நான்கும் கட்டாயம்; கருவிகளைப் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும்.

படி 6: பிப்ரவரி: பள்ளி விடுமுறை அட்டவணையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

பனியின் ஆழத்தைப் பொறுத்தவரை பிப்ரவரி நம்பகமான மாதம். எனவே எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள். பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரு வாரக் குளிர்கால விடுமுறையை மண்டலத்துக்கு மண்டலம் வெவ்வேறு வாரத்தில் தொடங்கச் செய்வதால், அங்கே நெரிசல் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குப் பரவிக்கிடக்கிறது. பிரிட்டனில் பள்ளிப் பருவத்தின் இடையில் விடப்படும் அரைப்பருவ விடுமுறை மாத நடுவில் வருகிறது. அமெரிக்காவில் பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமையின் அதிபர் தின விடுமுறையும், ஆசியாவின் ரிசார்ட்டுகளில் சந்திரப் புத்தாண்டும் இதே விளைவைத் தருகின்றன.

இதில் ஒரு சிறு இடுக்கு உண்டு. ஆல்ப்ஸில் விடுதி அறைகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றே வாடகைக்கு விடப்படுவதால், சனிக்கிழமை சாலைகள் நெரிந்து கிடக்கும். சறுக்குப்பாதைகளோ காலியாக இருக்கும். வேறு கிழமையில் வந்து சேர அனுமதிக்கும் தங்குமிடம் கிடைத்தால், கூட்டமான வாரத்திலும் ஒரு முழுநாள் அமைதியைப் பெற்றுவிடலாம்.

படி 7: மார்ச் முதல் ஏப்ரல் வரை: கடிகாரத்தைப் பார்த்துச் சறுக்கும் காலம்

முதன்முறையாகச் செல்பவர் எவர் கேட்டாலும் நான் சொல்லும் பதில், உயரமான ரிசார்ட்டில் மார்ச்சின் முதல் மூன்று வாரங்கள் என்பதே. குளிர்காலம் முழுவதும் சேர்ந்த பனி பாதைகளில் தடிமனாகக் கிடக்கிறது, பகல் நீள்கிறது, மதியம் மேல்சட்டையைத் திறந்துவிட்டு வெயிலில் உட்கார முடிகிறது, சறுக்காதவரும் சலிப்பில்லாமல் நாளைக் கழிக்க முடிகிறது. பவுடரைத் தேடும் வல்லுநர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஆனால் அவர்களுக்கு இவ்வழிகாட்டி தேவையும் இல்லை.

இந்த மாதங்களில் பனியின் குணம் ஒரே நாளுக்குள் பலமுறை மாறுகிறது. பகல் வெயிலில் உருகும் மேற்பரப்பு இரவில் உறைவதால், காலை எட்டரை மணிக்குப் பாதை கல்லைப்போல் கெட்டியாக, சறுக்கும்போது கரகரவென்று ஓசை எழுப்பியபடி இருக்கும். தொடக்கநிலையினருக்கு இது அச்சமூட்டுவது. பத்து மணியளவில் மேற்பரப்பின் ஓரிரு சென்டிமீட்டர் இளகி, உருண்டையான பருமணிகளாகிறது. உருகி உறைந்து, மீண்டும் உருகி உறைந்து உருவான இந்த மணிகளைச் சறுக்குவோர் சோளத்தோடு ஒப்பிட்டுக் கார்ன் பனி என்கிறார்கள். அதன்மீது ஸ்கீ வழுக்காமலும் சிக்காமலும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் திரும்பும். பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் அது கூழாகிவிடும். அதன்பின் கால் புதைந்து முழங்கால் திருகும் விபத்துகளுக்கு இடமுண்டு. களைப்பும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

ஆகவே நாளைக் கீழ்க்காணுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். சூரியன் முதலில் படுவது கிழக்கு நோக்கிய சரிவுகள் என்பதால் அவை முதலில் இளகும், அங்கே தொடங்குங்கள். பிறகு தெற்கு நோக்கியவை, முற்பகலின் இறுதியில் மேற்கு நோக்கியவை என்று சூரியனைப் பின்தொடருங்கள். தென் அரைக்கோளத்தில் தெற்குக்குப் பதில் வடக்கு என்று மாற்றிக்கொள்ள வேண்டும். நிழலில் கிடக்கும் சரிவுகளில் மட்டும் உலர்பனி நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கும். வேகம் குறைந்து ஸ்கீ ஒட்டத் தொடங்கும்போது, இன்னும் ஒரு சுற்று என்ற ஆசையை அடக்கிக்கொண்டு உயரமான லிஃப்டுக்குப் போய்விடுங்கள், அல்லது அன்றைய சறுக்கை முடித்துக்கொள்ளுங்கள். தொடக்கநிலைத் திடல்கள் பெரும்பாலும் அடிவாரத்தில் இருப்பதால் முதலில் கூழாவதும் அவைதான். பயிற்சி வகுப்பைப் பதிவுசெய்யும்போது பிற்பகலைத் தவிர்த்து, பத்து மணிக்குத் தொடங்கும் வகுப்பைக் கேளுங்கள்.

ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: இந்தச் சுழற்சி நடக்க, இரவில் வானம் தெளிவாக இருந்து மேற்பரப்பு உறைய வேண்டும். மேகம் மூடிய வெதுவெதுப்பான இரவுக்குப் பிறகு காலையிலேயே பனி கூழாக இருக்கும். ஈரம் ஊறிய பனிச்சரிவுகளும் அத்தகைய நாட்களில் இறங்கும். முந்தைய இரவின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சென்றதா என்பதே வசந்தகாலத்தில் பார்க்க வேண்டிய முதல் எண்.

இரண்டாவது ஆபத்து வெயில். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பியனுப்புகிறது. ஆகவே கதிர் மேலிருந்தும் வருகிறது, கீழிருந்தும் வருகிறது. நாசித் துவாரங்களின் அடிப்புறமும் மோவாயின் கீழ்ப்புறமும் எரிந்துபோவதைப் பலர் முதல்நாள் இரவில்தான் உணர்கிறார்கள். நிறம் கறுத்தவர்களுக்கு இது பொருந்தாது என்ற நம்பிக்கை தவறானது. கண்ணின் விழிவெண்படலத்தை எரிக்கும் பனிக்குருடு தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மேகமூட்டமான நாளிலும் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

ஏப்ரலில் கீழ்ப்பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்படும். மேலே சறுக்கிவிட்டுக் கோண்டோலாவிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். உயரமும் பனியும் மிகுந்த சில இடங்கள் இன்னும் நீள்கின்றன: கலிஃபோர்னியாவின் மம்மத் மவுண்டனில் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் தொடக்கம் வரை லிஃப்டுகள் ஓடின. அது அசாதாரணமான பனி பெய்த ஆண்டு என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

படி 8: இடைவெளி வாரங்களை அடையாளம் காணுங்கள்

ஏப்ரல் கடைசிக்கும் ஜூன் நடுவுக்கும் இடையிலும், அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் இறுதிக்கும் இடையிலும் பெரும்பாலான மலை ஊர்கள் உறங்குகின்றன. லிஃப்டுகளின் கம்பிகளும் பிடிகளும் சோதிக்கப்படுகின்றன, உணவகங்கள் மூடப்படுகின்றன, ஊழியர்கள் விடுப்பில் செல்கின்றனர். நடைபாதைகள் பாதி சேறாகவும் பாதி பழைய பனியாகவும் கிடப்பதால் நடப்பவருக்கும் பயனில்லை. இந்த வாரங்களில் அறைக்கட்டணம் வியக்கும்படி குறைந்திருப்பதைக் கண்டு முன்பதிவு செய்துவிட்டு, மூடிய கோண்டோலா நிலையத்தின் முன் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். லிஃப்ட் இயங்கும் தேதிகளை ரிசார்ட்டின் சொந்த இணையதளத்தில் பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

படி 9: கோடை: அதே மலை, வேறு விதிகள்

ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை சறுக்குப்பாதைகள் புல்வெளிகளாகின்றன. குல்மார்க் என்ற பெயருக்கே மலர்களின் புல்வெளி என்று பொருள். அதன் கோடைத் தோற்றத்தைக் கண்டவர்கள் பெயர் வைத்தவரை மெச்சுவார்கள். ஆல்ப்ஸில் மலர்கள் உச்சத்தில் இருப்பது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். ஆனால் அந்நாட்களில் 2,500 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களில் பழம்பனி தேங்கியிருக்கலாம் என்பதால், உயரமான நடைப்பயணத்துக்கு ஆகஸ்டே பாதுகாப்பானது. கனடாவின் விஸ்லரில் கோடைக்காலச் சைக்கிள் தடங்கள் தம்மளவிலேயே உலகப்புகழ் பெற்றவை. அங்கே இரு மலைகளை இணைக்கும் 4.4 கிலோமீட்டர் நீளக் கோண்டோலா கோடையிலும் ஓடுவதால், நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ இயலாதவரும் பனியாறுகளின் காட்சியைப் பெறலாம்.

குளிர்காலத்தில் காற்றும் பனியும் நாளைத் தீர்மானிப்பதுபோல், கோடையில் இடி தீர்மானிக்கிறது. காலையில் துல்லியமான நீலமாக இருக்கும் வானத்தில் பதினோரு மணிக்குப் பஞ்சுமேகம் எழும்பி, இரண்டு மூன்று மணிக்குள் மின்னலாகிவிடுவது மலைகளின் வழக்கம். முகட்டில் நடப்பவர்கள் நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குவதுபோல் திட்டமிட வேண்டும். கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படும்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ஆயிரம் மீட்டர் இறக்கத்தை முழங்கால்களே சுமக்க வேண்டும்.

கோடையிலும் சறுக்க வேண்டும் என்பவருக்குப் பனியாறுகள் எஞ்சியிருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில், 3,883 மீட்டர் உயரச் சிகரத்தை ஒட்டிய பனியாற்றிலும், ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸிலும் கோடையிலும் சறுக்கு உண்டு. அதிகாலையில் ஏறி, பனி கூழாகுமுன் நண்பகலோடு இறங்கிவிடுவதே அங்கு நடைமுறை. திறந்திருக்கும் பாதைகள் சிலவே; அவற்றிலும் போட்டி அணிகள் பயிற்சிக் கம்பங்களை நட்டிருக்கும். சறுக்கக் கற்கும் பயணத்துக்கு இது பொருந்தாது. ஆகஸ்டில் சறுக்கினேன் என்ற மகிழ்ச்சிக்குப் பொருந்தும். இந்த வாய்ப்பும் சுருங்கிவருகிறது. ஒருகாலத்தில் உலகின் மிக உயரமான சறுக்குத்தளமாகப் பேசப்பட்ட பொலிவியாவின் சக்கல்டாயாவில், 5,000 மீட்டருக்கு மேலிருந்த பனியாறு 2009-ஆம் ஆண்டோடு முற்றிலும் மறைந்துவிட்டது.

செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் தனியே ஒரு வரி சொல்லத் தகுந்தவை. அமெரிக்காவின் வெர்மான்ட் மலைகளின் மேப்பிள் மரங்கள் நிறம் மாறும் அந்நாட்களில், காற்று தெளிவாகவும் இடி குறைவாகவும் இருக்கும். கோண்டோலா இன்னும் ஓடுகிறதா என்பது மட்டுமே கேள்வி.

படி 10: பனி அறிக்கையைப் படித்து, பிறகு பணம் கட்டுங்கள்

ரிசார்ட்டுகள் வெளியிடும் அறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது மேல்நிலையத்தின் பனி ஆழம். ஊருக்குத் திரும்பும் பாதை திறந்திருக்குமா என்பதைச் சொல்வது அடிநிலைய ஆழம்; அதைத் தேடிப் படியுங்கள். மொத்த லிஃப்டுகளில் எத்தனை ஓடுகின்றன என்ற எண் ஆழத்தைவிட நேர்மையானது. கடைசிப் பொழிவு எந்தத் தேதியில் என்பதையும், அதன்பின் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டியதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாதை மெத்தையா பனிக்கட்டியா என்று வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது நேரலைக் கேமரா. அதையும் காலையில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை, அந்த ஊரின் நேரப்படி பாருங்கள்.

பருவத்தின் இரு ஓரங்களிலும் பயணம் செய்பவர்கள், பனி இல்லாமையால் லிஃப்டுகள் மூடப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை லிஃப்ட் பாஸின் விதிகளிலும் காப்பீட்டின் விதிகளிலும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். பல காப்பீடுகள் குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே நேரும் விபத்தையும், மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவையும் கூடுதல் கட்டணமின்றி ஏற்பதில்லை. ஜனவரி, பிப்ரவரிக்கு அறையை முன்கூட்டியே பிடித்துவிடலாம். டிசம்பர் முற்பகுதிக்கும் ஏப்ரலுக்கும் ரத்துசெய்யக்கூடிய அறையை எடுத்துவைத்து, லிஃப்ட் பாஸை மட்டும் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன், கேமராவில் அடிநிலையம் வெண்மையாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.